வானொலி நிலைய வாசலில் கானா சிப்பாய்கள்

நேயர்களுக்கு வணக்கம். நேற்றுத்தான் விடுதலை வாங்கிய நாடு. பள்ளிக்கூடம் கட்டவே காசு பற்றாது. அது எதற்காக அடுத்த நாட்டில் அமைதி காக்கத் தன் பிள்ளைகளை அனுப்புகிறது? என்னை வெகுகாலமாக விடாத கேள்வி இது. இன்று கானாவை எடுத்துக்கொள்கிறேன்.

1957 மார்ச் 6 அன்று கானாவுக்கு விடுதலை. ஆப்பிரிக்கா முழுவதும் விடுபடாமல் எங்கள் விடுதலைக்கு அர்த்தமில்லை என்றார் அதன் தலைவர் குவாமே நிக்ரூமா. மூன்றே ஆண்டில் அந்தச் சொல்லுக்குச் சோதனை வந்தது. 1960 ஜூன் 30 அன்று காங்கோ பெல்ஜியத்திடமிருந்து விடுபட்டது. சில நாட்களில் ராணுவக் கலகம், பெல்ஜியப் படை மறுபடி இறங்கியது, கட்டங்கா மாகாணம் பிரிந்தது. பிரதமர் லுமும்பா ஐ.நா.வை அழைத்தார். முதலில் போன படைகளில் கானா படையும் ஒன்று. லுமும்பா நிக்ரூமாவின் நண்பர். 1958இல் கானா தலைநகர் அக்ராவில் நடந்த ஆப்பிரிக்க மாநாட்டுக்கு வந்தவர். பெல்ஜியப் படை நின்ற இடத்தில் ஆப்பிரிக்கப் படை நிற்க வேண்டும், நிக்ரூமா விரும்பியது இதைத்தான். ஆனால் கானாவின் படைத் தலைவரே அப்போது பிரிட்டிஷ்காரர், அலெக்சாண்டர்.

இனி வருவதை வானொலியில் சொல்லும்போது எனக்கு மனசு கனக்கிறது. செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கசவுபு, லுமும்பாவை நீக்கிவிட்டதாக வானொலியில் அறிவித்தார். ஐ.நா. அதிகாரிகள் தலைநகர் லியோபோல்ட்வில்லின் வானொலி நிலையத்தை மூடினார்கள். கசவுபு தரப்புக்கு ஆற்றின் அக்கரையில், அண்டை நாட்டின் பிராசவில் வானொலி இருந்தது. லுமும்பாவுக்கு அந்த வழி இல்லை. மக்களிடம் பேச நேரே நிலையத்துக்கு வந்தார். வாசலில் நின்றது யார்? கானா சிப்பாய்கள். நண்பர் அனுப்பிய படை. அவரை உள்ளே விடவில்லை. சிப்பாய் கானாக்காரர்தான், உத்தரவு ஐ.நா.வுடையது. லுமும்பா கோபத்தோடு நிக்ரூமாவுக்குக் கடிதம் எழுதினார். 1961 ஜனவரியில் லுமும்பா கொல்லப்பட்டார்.

கினி, மாலி போன்ற நாடுகள் படையைத் திரும்ப அழைப்பதாக அறிவித்தன. கானா அழைக்கவில்லை. அந்த ஏப்ரலில் காங்கோவின் போர்ட் பிராங்கியில் கானா வீரர்கள் 40 பேருக்கு மேல் மாண்டார்கள், அப்போதும் அழைக்கவில்லை. கிளம்பிவிட்டால் காங்கோவைப் பற்றிப் பேசும் இடத்தில் ஆப்பிரிக்காவின் குரல் இன்னும் மெலியும். நண்பரை நிறுத்திய அதே வாசல்தான், ஆனாலும் அங்கே நிற்க வேண்டியிருந்தது.

சரி, நேரம் நெருங்குகிறது. ஐ.நா. தரும் படிப்பணம், வீரர்களுக்குக் கிடைக்கும் பயிற்சி, இவற்றையும் சொல்ல நினைத்திருந்தேன். அவையும் காரணம்தான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் எழுந்திருக்க மனமில்லை. 1994இல் ருவாண்டாவில் படுகொலை நடக்கும்போது பெல்ஜியம் தன் படையை எடுத்துக்கொண்டு போனது. ஐ.நா. படையில் மிஞ்சிய சில நூறு பேரில் பெரும்பாலோர் கானா வீரர்கள்.