இந்த வயிற்றுக்குச் சாக்லேட் பொறுப்பல்ல!

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் இந்த டர்பன் நகர வெயிலில் வணக்கத்தை நீட்டினால் கையில் இருக்கிற சாக்லேட் உருகிவிடும்.

'அளவோடு உண்ணும் சாக்லேட் உடலுக்கு நன்மையே' என்பது எங்கள் கட்சி. எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "நன்மைன்னு பேச வந்திருக்கிற அண்ணன் வயித்தைப் பாருங்க, அதுவே எங்களுக்குச் சாட்சி!" கைதட்டினீர்கள். என் மனைவியும் தட்டினாள், பார்த்தேன்.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாமா? இந்த வயிற்றை வளர்த்தது சாக்லேட் இல்லை, பன்னி சௌ!

நடுவர் பதற வேண்டாம். மதுரைக்காரர். நேற்று விமான நிலையத்தில், "ஐயா, பன்னி சாப்பிடலாமா?" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. "நான் சைவம்ங்க" என்றார். "கவலைப்படாதீங்க, சைவப் பன்னியும் இருக்கு" என்றேன். இரண்டடி பின்னால் போனார். "பீன்ஸ் போட்ட பன்னி!" இன்னும் இரண்டடி. இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மதுரைக்கே போயிருப்பார்! கடையில் கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றி, "இதுதாங்க எங்க ஊர்ப் பன்னி சௌ" என்று வைத்த பிறகுதான் உயிர் வந்தது. வந்த உயிர் என்ன செய்தது? இன்னொரு கால் பன்னி கேட்டது! நடுவரே, உங்களுக்கும் லேசாக முன்னால்... சரி, விடுகிறேன். தீர்ப்பு உங்கள் கையில்.

எதிரணி ஆதாரம் கேட்டது. 2012-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது: கொக்கோவில் இருக்கிற 'ஃபிளவனால்' என்ற சத்து தினம் 200 மில்லிகிராம் உள்ளே போனால் ரத்தக்குழாய் நெகிழ்வோடு இருக்க உதவும். ஃபிளவனால் மிகுந்த கறுப்புச் சாக்லேட் என்றால் 10 கிராம் போதும். அவர்கள் 100 கிராம் பால் சாக்லேட்டைத் தூக்கிக் காட்டி 'ஐயோ சர்க்கரை' என்கிறார்கள். தலைப்பில் 'அளவோடு' என்று இருப்பதை யாராவது அவர்களுக்குப் படித்துக் காட்டுங்களேன்.

அளவை நான் எங்கள் ஆயாவிடம் பார்த்திருக்கிறேன். 1860-இல் ட்ரூரோ கப்பல் தொடங்கி நம்மவர்கள் இந்த நேட்டாலுக்கு வந்தது கரும்புக்காகத்தானே? ஆயாவும் கரும்புக்காட்டில் உழைத்தவள். ஒரு தீபாவளிக்கு யாரோ ஒரு சாக்லேட் கட்டி கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் பதினோரு பேர். காய்த்துப்போன அந்தக் கையால் பதினோரு துண்டு போட்டாள். கூடக்குறைய இல்லை. கடைசித் துண்டு எனக்கு.

"உனக்கு ஆயா?"

ஜிகினாத்தாளை முகர்ந்து பார்த்தாள். நீவி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "இதுல இருக்கிற சக்கரை என் கைபட்ட கரும்புதானே சாமி, எனக்கென்ன புதுசா? நீ தின்னு."

மணி அடிக்காதீர்கள் நடுவரே. முடித்துவிட்டேன்.