எமனை எழுப்பிவிட்ட கதை

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு சமையல் இல்ல. சாவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்னு தோணுச்சு. பயந்துடாதீங்க, நான் நல்லாத்தான் இருக்கேன். எழுபது முடிஞ்சுது, அவ்வளவுதான்.

எங்க ஊர் மாயவரம். திருக்கடையூர் பக்கத்துலதான். அந்தக் கோயில்ல எந்த நாள் போனாலும் வயசான ஜோடிங்க மாலையும் கழுத்துமா இருப்பாங்க. அறுபதாம் கல்யாணம், எழுபதுக்கு பீமரத சாந்தி, எண்பதுக்கு சதாபிஷேகம். பிள்ளைங்க, பேரன் பேத்திங்க வரிசையா வந்து தலையில கலசத் தண்ணி ஊத்துவாங்க. முதல் தண்ணி பட்டதும் அந்தப் பெரியவர் ஒரு நொடி மூச்சைப் பிடிச்சுக்குவாரு பாருங்க, பக்கத்துல அந்தம்மா அவரைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க.

எல்லாரும் அங்க ஆயுசு கேட்டுத்தான் வர்றாங்க. மார்க்கண்டேயனுக்காக சிவன் எமனை உதைச்ச இடமாச்சே. கதையில இந்தப் பாதி எல்லாருக்கும் தெரியும். மிச்சப் பாதிதான் எனக்குப் பிடிச்சது. எமன் விழுந்ததும் பிறப்பு மட்டும் நடக்குது, சாவே இல்ல. பூமாதேவியால பாரம் தாங்க முடியல, போய் முறையிடுறா. அப்புறம் அந்த சிவனே எமனை எழுப்பி, போய் உன் வேலையைப் பாருன்னு அனுப்பி வைக்கிறார். ஆயுசு குடுக்கிற சாமியே எமன் வேணும்னு ஒத்துக்கிட்டாரு. அப்புறம் நான் எதுக்கு மல்லுக்கட்டணும்?

இந்தக் கையைப் பாருங்க. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டா முன்னெல்லாம் சட்டுனு படிஞ்சிடும். இப்ப மேடாவே கொஞ்ச நேரம் நிக்குது. எங்க அம்மாவுக்கு கடைசிக் காலத்துல கை இப்படித்தான் இருந்துச்சு. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு எத்தனையோ ராத்திரி உக்காந்திருக்கேன். அதே கை இப்ப எனக்கு வந்திருக்கு. நிஜமாவே சந்தோஷமா இருக்கு.

சாவு பயம் இல்ல. என் பிள்ளைங்க ஐசியு வாசல்ல நிக்கிற பயம்தான் இருந்துச்சு. எங்க நாத்தனார் வென்டிலேட்டர்ல கிடந்தப்போ பிள்ளைங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு நின்னாங்க. எந்தப் பிள்ளை வாயால "போதும்"னு சொல்லும்? அந்த பாரம் அதுங்களை இன்னும் விடல.

அதனால எழுதி வச்சுட்டேன். கௌரவமா சாகறதும் நம்ம உரிமைதான்னு 2018ல சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. குணமாக வழியே இல்லாத நிலைமை வந்தா மெஷின் வச்சு இழுக்காதீங்கன்னு, நல்லா இருக்கும்போதே எழுதி வைக்கலாம். முதல்ல மாஜிஸ்திரேட் முன்னாடி கையெழுத்து போடணும்னு இருந்துச்சு, யாரால அலைய முடியும்? 2023ல சுலபமாக்கிட்டாங்க. ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெஜடட் ஆபீசர், போதும். நமக்காகப் பேச வேண்டியவங்க பேரையும் எழுதணும். அப்பவும் டாக்டர்கள் குழு பாத்து ஒத்துக்கிட்டாத்தான் நடக்கும். ஊசி போட்டு உயிரை எடுக்கிறதுன்னு சில பேர் நினைக்கிறாங்க. அது வேற, அதுக்கு நம்ம சட்டத்துல இடமே இல்ல.

பையன்கிட்ட காகிதத்தை நீட்டினேன். "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்"னு எழுந்து போயிட்டான். பெத்த பிள்ளை, வேற என்ன சொல்லுவான்? மருமகதான் உக்காந்து முழுக்கப் படிச்சா. "வலி தெரியாம இருக்க மருந்து மட்டும் குடுக்கணும்னு சேர்த்துக்கலாமா அத்தை"ன்னு கேட்டா. சேர்த்துட்டோம். அவ பேரைத்தான் எழுதியிருக்கேன்.

கண்ணையும் எழுதிக் குடுத்திருக்கேன். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள்ள கண் வங்கிக்காரங்க வந்து எடுத்துக்கணும், அதனால உடனே ஃபோன் பண்ணணும். இமையை மூடி விட்டு, தலைக்கு ஒரு தலையணை வச்சு, ஃபேனை நிறுத்திடணும். விழி காஞ்சு போயிடக் கூடாது பாருங்க. பேத்திகிட்டயும் சொல்லிட்டேன், அவளுக்கு மனப்பாடம்.

நோட்டரிகிட்டப் போறப்போ என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு தெரியணும்னா கேளுங்க. அடுத்த வீடியோவுல அந்தக் காகிதத்தையே காட்டி வரி வரியா சொல்றேன்.