எட்டாம் தேதியில் எங்கே நிற்போம்?

(ஆண்டிறுதி இரவு ஆராதனையில் ஆற்றிய சொற்பொழிவு)

கர்த்தருக்குள் அன்பான சபையாரே, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

இன்னும் சற்று நேரத்தில் ஆலயமணி அடிக்கும், ஆண்டு மாறும். அதற்குள் ஓர் இளம் ராஜாவின் புத்தாண்டைப் பற்றி உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். 2 நாளாகமம் 29-ஆம் அதிகாரத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

யூதாவின் ராஜாவான எசேக்கியாவுக்கு அப்போது வயது 25. அவனுடைய தகப்பன் ஆகாஸ் விட்டுப்போனது ஒரு பூட்டிய ஆலயத்தை. கதவுகளைப் பூட்டிவிட்டு எருசலேமின் மூலைக்கு மூலை பலிபீடங்களைக் கட்டிவைத்தவன் அவன். விளக்குகள் அணைந்து போயின, தூபம் நின்றுபோனது. வெளியே அசீரியர் மிரட்டிக்கொண்டிருந்த காலம் வேறு. புது ராஜாவுக்குத் தலைக்குமேல் வேலை இருந்திருக்கும். ஆனாலும் அவன் அரசாண்ட முதலாம் வருஷம் முதலாம் மாதத்தில் அந்தக் கதவுகளைத் திறந்து பழுதுபார்த்தான். ஆலயப் பணிவிடைக்காரரான லேவியரைக் கூப்பிட்டு, சுத்தம் பண்ணுங்கள், அசதியாய் இருக்காதீர்கள் என்றான்.

17-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் மாதம் முதல் தேதியில் சுத்தம்பண்ணத் தொடங்குகிறார்கள். எட்டாம் தேதியில் எங்கே வந்து சேருகிறார்கள் தெரியுமா? ஆலயத்தின் மண்டபத்துக்கு. அதாவது வாசலுக்கு! எட்டு நாள் பாடுபட்டு, வாசல்வரைக்கும்தான் வர முடிந்தது. ஆலயத்துக்கு இன்னும் எட்டு நாள் பிடித்தது. பதினாறாம் தேதிதான் முடித்தார்கள். உள்ளே கண்ட அசுத்தத்தையெல்லாம் ஆசாரியர் பிராகாரத்துக்கு எடுத்துவந்து போட, லேவியர் அதைச் சுமந்துபோய்க் கீதரோன் ஆற்றில் கொட்டினார்கள். எத்தனை நடை நடந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்றைக்கு உங்களிடம் சொல்ல வந்தது இந்த எட்டாம் தேதியைப் பற்றித்தான். ஜனவரி முதல் தேதி விடியற்காலையில் எழுந்து ஜெபிக்காத வீடு நம் சபையில் இருக்காது. வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து தொடங்குவோம். எட்டாம் தேதி வரும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும், அலுவலக வேலை கழுத்தைப் பிடிக்கும். ஜெபம் நின்றுவிடும். வெளிப்பிராகாரம் சுத்தமாகிவிட்டது, அதுவே போதும் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறோம். கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்த வீட்டில், உள்ளறையை மட்டும் பூட்டிவைத்திருப்பதைப்போல இது. அந்த உள்ளறையில்தான் பேசாமல் விட்ட தம்பியின் மேலுள்ள கசப்பு இருக்கிறது, திருப்பிக் கொடுக்காத கடன் இருக்கிறது. தேவனுக்குப் பயப்படுகிறவன் அந்தக் கதவையும் திறந்துதான் ஆக வேண்டும்.

இப்போது புத்தாண்டுக்கென்று வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்ததும் வரிசையில் வந்து ஆளுக்கொன்று எடுப்பீர்கள். அந்த வழக்கம் எனக்கு மிகவும் பிரியம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில் மொரேவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையார் நாளுக்கொரு வசனத்தைச் சீட்டுப்போட்டு எடுத்து, 1731-ஆம் ஆண்டுக்கு முதன்முதலாகப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். அவர்களில் சிலர் 1760-இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியிருந்தார்கள். அவர்களுக்கு அந்த வசனம் காலையில் கேட்டு, அன்றைக்குக் கீழ்ப்படிய வேண்டிய கட்டளையாக இருந்தது. நாமோ, நல்ல வசனம் வந்தால் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறோம். எச்சரிப்பான வசனம் வந்தால் பக்கத்தில் இருப்பவருடைய அட்டையை எட்டிப் பார்க்கிறோம். வேண்டாம். எது வந்தாலும் அதை ஆண்டவருடைய வார்த்தையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி ஐயர் 1755-இல் லண்டனில் தம் சபையாரைக் கூட்டி, தேவனோடு உடன்படிக்கை பண்ணவைத்தார். என்னை வேலைக்கு வைத்தாலும் ஒதுக்கி வைத்தாலும், நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் நான் உம்முடையவன் என்ற கருத்தில் இன்றும் மெதடிஸ்ட் சபைகளில் ஜெபிக்கிறார்கள். வெறுமையாக வைத்தாலும் என்று சொல்ல நமக்கு நாக்கு எழும்புமா? இந்த ஆண்டில் வேலை போன சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மாரும் இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்த வரியின் பாரம் நன்றாகவே தெரியும்.

19-ஆம் வசனத்தையும் விட்டுவிடாதீர்கள். ஆகாஸ் எறிந்துபோட்ட பணிமுட்டுகளை, அதாவது ஆலயப் பாத்திரங்களையெல்லாம் தேடியெடுத்து, சுத்தம்பண்ணி, பலிபீடத்துக்கு முன்பாக வைத்தார்கள். நம் வீடுகளில் எறிந்துபோட்டது குடும்ப ஜெபம். தாத்தா காலத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்து ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், ஒரு ஜெபம் என்று இருந்தது. இப்போது ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு நேரம். பத்து நிமிடம் போதும் ஐயா. பிள்ளைகளை வாசிக்கவிடுங்கள், தப்பாக வாசித்தாலும் பரவாயில்லை.

சரி, பதினாறாம் தேதி முடித்தார்களே, அப்புறம் என்ன ஆயிற்று? எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகை முதல் மாதம் பதினாலாம் தேதி. இரண்டே நாளில் தவறிப்போனது. ஆசாரியரும் போதுமான அளவுக்குத் தங்களைச் சுத்தம்பண்ணியிருக்கவில்லை, ஜனங்களும் கூடிவரவில்லை. அதனால் இரண்டாம் மாதத்தில் ஆசரித்தார்கள். நியாயப்பிரமாணமே அதற்கு இடம் கொடுத்திருந்தது. அப்போதும் சுத்தம்பண்ணிக்கொள்ளாமல் வந்து சாப்பிட்டவர்கள் அநேகர் இருந்தார்கள். எசேக்கியா அவர்களுக்காக விண்ணப்பம் பண்ணினான். கர்த்தர் கேட்டார்.

ஆகவே ஜனவரியில் தவறினவர்கள் பிப்ரவரியில் தொடங்குங்கள். ஆனால் எட்டாம் தேதியோடு நிறுத்திவிடாதீர்கள்.

இப்போது 90-ஆம் சங்கீதத்தை எல்லாருமாகச் சேர்ந்து வாசிப்போம். எழுந்து நிற்போமாக.