தண்ணீரைக் கக்கும் கிணறு! எஸ்டோனியாவின் துஹாலா கிராமத்துக்கு அடியில் என்ன நடக்குது?

இந்தக் கிணத்தோட ஆழம் இரண்டரை மீட்டர்தான். வருஷத்துல முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கும். ஆனா பனி உருகுற சமயத்துல நொடிக்கு 100 லிட்டருக்கு மேல தண்ணியைக் கக்கும். மோட்டார் கிடையாது, பம்பு கிடையாது!

இடம் துஹாலா. தலைநகர் டாலினுக்குத் தெற்கே, காடும் வயலுமா இருக்கிற சின்ன கிராமம். கிணத்துக்குப் பேரு சூனியக்காரி கிணறு. அடியில சூனியக்காரிகள் நீராவிக் குளியல் போட்டு, பிர்ச் மரக் கிளையால ஒருத்தரையொருத்தர் விளாசிக்கிறாங்க, அதான் தண்ணி பொங்குதுன்னு ஊர்க்கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது!

இப்ப அடியில போவோம். மேல மெல்லிசா மண்ணு, கீழ சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கிட்டு லேசா அமிலமாகி, ஆயிரக்கணக்கான வருஷமா கல் விரிசலைக் கரைச்சுச் சுரங்கமாக்கியிருக்கு. துஹாலா ஆறு குழிகளுக்குள்ள விழுந்து மறைஞ்சு, அந்தச் சுரங்கம் வழியா ஓடுது. கிணறு இருக்கிறது நேரா அதுக்கு மேல.

ஆத்துல நொடிக்கு 5,000 லிட்டரைத் தாண்டினா சுரங்கம் தாங்காது. அடைமழையில பாதாளச் சாக்கடை நிரம்பி, மூடியைத் தள்ளிக்கிட்டு ரோட்டுக்குத் தண்ணி வருமே, அதே கணக்குதான். அழுத்தம் கிணத்து வாய் வழியா வெளியேறுது.

போய்ப் பார்க்க நினைக்கிறவங்க கவனிங்க, எல்லா வருஷமும் பொங்காது. பனி நிறைய கொட்டினா மட்டும் போதாது. மெதுவா உருகினா ஆறு அந்த அளவுக்கு ஏறவே ஏறாது. நிலம் உறைஞ்சிருக்கும்போதே திடீர்னு சூடு ஏறி, மழையும் சேரணும். அப்பவும் பல தடவை சில நாள்ல அடங்கிடும். அதனால ஆத்து நீர்மட்டத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. பாதையை விட்டு இறங்காதீங்க, சுத்திலும் உள்வாங்குற குழிகள் இருக்கு.

பக்கத்துல நபாலாவுல சுண்ணாம்புக்கல் குவாரி தோண்டத் திட்டம் போட்டாங்க. குவாரிக்குள்ள ஊறுற தண்ணியை இறைச்சா நிலத்தடி நீர் இறங்கும், கிணறு பொங்குறதும் நின்னுபோகலாம். மக்கள் எதிர்த்தாங்க, 2014-ல அந்தப் பகுதியே இயற்கைக் காப்பகம் ஆச்சு. சரியான முடிவு!

நம்ம திருநெல்வேலி ஆயன்குளம் கிணறு ஞாபகம் வருதா? வெள்ளத்தை வாரக்கணக்கா விட்டும் நிரம்பல. அங்கேயும் காரணம் சுண்ணாம்புக்கல் சுரங்கம்தான். அங்க சுரங்கத்துல இடம் இருக்கு, விழுங்குது. இங்க நிரம்பிடுது, கக்குது. உங்க ஊர்ல இப்படி ஒரு கிணறு இருந்தா, எந்த மாசம்னு சேர்த்துக் கமெண்ட்ல எழுதுங்க.