ஆறே வருடத்தில் எப்படிக் கவிழ்ந்தார்கள்?

'காட்ஸ் கன்ட்ரி' ஆவணப்படத்தைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "1979-இல் நன்றாக இருந்த விவசாயிகள் 1985-இல் கடனில் தவிக்கிறார்கள். மண்ணும் அதே, உழைப்பும் அதே. அகலக்கால் வைத்துவிட்டார்களா?"

அந்த 'அகலக்கால்' என்ற சொல் இரண்டு நாளாக என்னை விடவில்லை.

பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சு இயக்குநர் லூயி மால், அமெரிக்காவின் மினசோட்டாவில் கிளென்கோ என்ற சிறிய ஊரை 1979-இல் படம் பிடித்தார். ஆறு வருடம் கழித்து அதே மனிதர்களைப் பார்க்கத் திரும்பிப் போனார்.

சரி, நடுவில் என்ன நடந்தது? 1972-இல் சோவியத் யூனியன் ஏராளமாகத் தானியம் வாங்கியது, விலை ஏறியது. வேலியோரம் வரைக்கும் விதையுங்கள் என்று அரசாங்கமே சொன்னது. நிலத்தின் மதிப்பு ஏற ஏற வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. பழைய நேயர்களுக்குத் தெரியும், இதை நான் அடிக்கடி சொல்வேன்: கடன் கொடுப்பது நிலத்தின் விலையைப் பார்த்து, தவணை கட்டுவது விளைச்சலிலிருந்து.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம் டாலர் கடனுக்கு 8 சதவீதம் என்றால் வருட வட்டி 8,000. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி இறுக்கிப் பிடித்ததில், 1980 டிசம்பரில் வங்கிகளின் அடிப்படை வட்டியே 21.5 சதவீதம் ஆனது. விவசாயிக்கு 18 என்றே வையுங்கள், 18,000 ஆகிறது. அதே பசு, அதே மக்காச்சோளம். மீதி 10,000 எங்கிருந்து வரும்? இதற்கு நடுவே 1980 ஜனவரியில் சோவியத்துக்குத் தானியம் விற்கத் தடை வேறு. நிலத்தை விற்று அடைக்கலாமா? பக்கத்து மாநிலமான அயோவாவில் 1981-இல் சராசரியாக ஏக்கர் 2,147 டாலர், 1986-இல் 787. விற்றாலும் கடன் தீராது. இதை அகலக்கால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, மால் ஏன் திரும்பிப் போனார் என்று. போகாமல் இருந்திருந்தால் அது ஒரு நிறைவான ஊரின் படமாக நின்றிருக்கும். தொடக்கத்தில் ஒரு பாட்டி தன் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருப்பார், எனக்கு மிகவும் பிடித்த காட்சி. கடைசிப் பகுதியைப் பார்த்ததும் நான் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். அந்தப் பாட்டி அப்படியே இருந்தார். ஆனால் அடுத்தடுத்து வந்த இயந்திரங்களையும் மாடுகளையும் பார்க்கும்போது, இதற்கு எத்தனை சதவீதம் வட்டியோ என்றுதான் மனம் கணக்குப் போட்டது.

நீங்களும் முதல் பாதியை இன்னொரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.