நம் வாக்குக்குக் கணக்கு உண்டு, அவர் வாக்குக்கு?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவ நண்பர்களே, வணக்கம். அவையில் நம் உறுப்பினர் எந்தப் பக்கம் வாக்களித்தார் என்பது பெயரோடு பதிவாக வேண்டும் என்று சொல்லவே வந்திருக்கிறேன். ஒரு தொகுதிக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

2011 சட்டமன்றத் தேர்தலின்போது நெல்லிக்குப்பத்து உறவினர் ஒருவர், "எங்கள் ஊர்ப் பேரில் இருந்த தொகுதி எங்கே போயிற்று?" என்று என்னிடம் கேட்டார். 2008 தொகுதி மறுவரையறையில் அது மறைந்து, நெய்வேலி புதிதாக வந்திருந்தது. ஊர்ப்பெயர் போன வருத்தம் அவர் முகத்தில் தெரிந்தது. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் ஒரு மாநிலத்துக்குள் தொகுதிகளின் மக்கள்தொகை கூடியவரை சமமாக இருக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 170ஆவது பிரிவு. மாநிலங்களுக்கிடையே மக்களவை இடங்களைப் பங்கிடுவது வேறு வழக்கு. அதை இன்று தொடவில்லை.

பக்கத்துப் புதுச்சேரியைப் பாருங்கள். 2001 கணக்கெடுப்பில் மாகேயில் சுமார் 36,800 பேர். அவர்களுக்கு மாகே, பள்ளூர் என்று இரண்டு எம்.எல்.ஏ.க்கள். அதாவது ஒரு எம்.எல்.ஏ.வுக்கு 18,400 பேர். ஒன்றியப் பிரதேசம் முழுவதற்கும் 9.74 லட்சம் மக்கள், 30 இடங்கள், சராசரி 32,500. மாகேக்காரர் போட்ட ஓட்டு, மற்றவர் ஓட்டைப்போல் ஒன்றே முக்கால் மடங்கு எடை கொண்டது! மறுவரையறைக்குப் பின் மாகேக்கு ஒரே தொகுதி. அதுதான் சரி என்பேன்.

இதே கேள்வியை 2011இல் லண்டனும் கையில் எடுத்தது. தொகுதிகளைச் சராசரியிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகாமல் அமைத்து, 650 இடங்களை 600 ஆக்கும் சட்டம் அந்தப் பிப்ரவரியில் நிறைவேறியது. கூட்டணி அரசில் இருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியினர் ஆதரித்தார்கள். அவர்கள் விரும்பிய மேலவைச் சீர்திருத்தம் கைவிடப்பட்டதும் மனம் மாறினார்கள். 2013 ஜனவரியில், மறுவரையறையைத் தள்ளிவைக்க எதிர்க்கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள். 334க்கு 292 என்று அவர்கள் பக்கம் வென்றது. பிறகு 2020 சட்டம் 650 இடங்களையே வைத்துக்கொண்டு, 5 விழுக்காட்டு வரம்பையும் காத்தது. ஐந்து தீவுத் தொகுதிகளுக்கு விலக்கு.

இவ்வளவையும் என்னால் சொல்ல முடிவது எப்படி? அங்கே வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் உறுப்பினர் எழுந்து, ஆம் என்றால் ஒரு தாழ்வாரம், இல்லை என்றால் மற்றொரு தாழ்வாரம் வழியாக நடக்க வேண்டும். நடந்தவர் பெயர் பதிவாகிறது. தொகுதிச் சமத்துவம் பற்றித் தன் எம்.பி. ஒவ்வொரு முறையும் எந்தப் பக்கம் நின்றார், எப்போது வரவில்லை என்று அங்குள்ள வாக்காளர் தேடிப் பார்த்துவிடலாம்.

இங்கே பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் முடிகின்றன. கூட்டமாக எழும் குரலில் என் தொகுதி உறுப்பினரின் குரல் எது? கொறடாவின் உத்தரவை மீற முடியாதே, பதிவு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உத்தரவுக்கு அடங்கினார் என்பதும் எனக்குத் தெரிய வேண்டிய செய்திதான். வாக்குச்சாவடியில் என் பெயரை உரக்கப் படித்து, விரலில் மை வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் என்னை உள்ளே விடுகிறார்கள். என் பெயரால் அவையில் அமர்ந்திருப்பவரின் பெயரும் அதே கண்டிப்போடு எழுதப்பட வேண்டும்.

மசோதாக்களுக்குப் பெயர்வாரிப் பதிவு வேண்டும் என்று பேரவைத் தலைவருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் கையெழுத்திடுங்கள்.