கை வைத்துப் பார்த்தால்தான் அணைந்த தீ

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கமுங்க.

கேஸ் அடுப்பு வருவதற்கு முன்னால், நம் பக்கத்துச் சமையல்கட்டில் ராத்திரிக்கு ஒரு வேலை தவறாமல் நடக்கும். சோறாக்கி முடித்ததும் அடுப்பில் கிடக்கிற தணலில் நல்லதாக நாலு துண்டை ஒதுக்கி, மேலே சாம்பலை இழுத்து மூடிவிடுவார்கள். விடியக்காலம் சாம்பலை விலக்கி, காய்ந்த பன்னாடையை வைத்து ரெண்டு ஊது ஊதினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். தீக்குச்சி மிச்சம். நெருப்பை விடிய விடியச் சாகவிடாமல் காப்பாற்றிய முறை அது.

இன்றைக்குத் தோட்டத்துச் சாளையில் ‘கேம்ப் ஃபயர்’ போடுகிறவர்களும், ஆற்றங்கரையில் சமைத்துச் சாப்பிடுகிறவர்களும், குலதெய்வம் கோயிலில் கிடாய் விருந்து வைக்கிறவர்களும் கிளம்பும்போது என்ன செய்கிறார்கள்? தணல் மேல் ரெண்டு சட்டி மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டு வண்டி ஏறுகிறார்கள். பாட்டிமார் நெருப்பைக் காப்பாற்றுவதற்குச் செய்ததை, நாம் நெருப்பை அணைப்பதாக நினைத்துக்கொண்டு செய்கிறோம். இன்றைக்குப் பேச வந்தது முக்கியமாக இந்த ஒரு தப்பைப் பற்றித்தானுங்க.

விறகு ரெண்டு கட்டமாக எரியும். முதலில் மரத்திலிருந்து ஆவி கிளம்பும். சுவாலையாகத் தெரிவது அந்த ஆவி எரிவதுதான். அது தீர்ந்த பிறகு மிஞ்சுகிற கரி, சுவாலையும் இல்லாமல் புகையும் இல்லாமல் கனன்றுகொண்டே கிடக்கும். அதற்குக் காற்று நிறைய வேண்டியதில்லை. மண் இடுக்கில் கசிகிற காற்றே போதும். மேலே போட்ட மண் சூட்டை வெளியே விடாமல் கம்பளி மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊர் விறகும் அதற்குத் தோதானது. வேலாமரம், சீமைக்கருவேலம், புளி எல்லாமே கனத்த கட்டை, தணல் நின்று பேசும். எரிந்து முடிந்ததுபோல் கிடக்கிற ஒரு வேலாங்கட்டையை எடுத்துப் பாருங்கள். திருநீறு பூசினாற்போல் மேலே வெள்ளைச் சாம்பல். புகை கிடையாது. ஒரு முழம் தள்ளிக் கையை நீட்டினால் சூடும் தெரியாது. அரிவாளால் நடுவில் ஒரு போடு போட்டுப் பிளந்தால், உள்ளே பலாச்சுளை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று இருக்கும். காற்றுப் பட்டதும் அது இன்னும் பிரகாசமாகும். ‘நீறு பூத்த நெருப்பு’ என்று முதலில் சொன்னவர் இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அணைக்கிற முறைக்குப் போவதற்கு முன்னால், எங்கே தீ மூட்டவே கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டு வனச் சட்டப்படியே குற்றம். சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், எரிகிற தீயை அப்படியே விட்டுவிட்டுப் போவதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆனைமலை, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு இதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள் குளிருக்குச் சருகைக் கூட்டிக் கொளுத்துவதும் இதில் சேர்த்திதான். ஸ்வெட்டரும் ஒரு போர்வையும் எடுத்துப் போனால் தீர்ந்துபோகிற குளிர் அது. ஆக, நான் சொல்லப்போவதெல்லாம் பட்டா நிலத்திலும், அனுமதி கொடுத்த இடத்திலும் போடுகிற தீக்கு மட்டும்.

காலமும் பார்க்க வேண்டும். தை கடைசியிலிருந்து மேற்கே மழை இறங்கும்வரை மலையடிவாரம் முழுக்கப் புல் காய்ந்து கிடக்கும். 2023 ஏப்ரலில் கோயம்புத்தூர் ஆலாந்துறைப் பக்கத்து மலையில் பிடித்த தீயை அணைக்க, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டரே தண்ணீர் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சுவாலை மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பில் வழங்குகிற கணக்கு. அதனால் மலை அடியில் ஒட்டிப் போடுகிற தீ, சமவெளி நடுவில் போடுகிற தீயைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து. ஆடி மாசத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது எங்கேயுமே போடாதீர்கள். அம்மியே பறக்கிற காற்றில் தீப்பொறி எம்மாத்திரம்?

தீ போடுகிற இடத்தைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகு, சோளத்தட்டு, புல் எல்லாவற்றையும் சீமாறு போட்டுக் கூட்டி, வெறும் மண் தெரியச் செய்துவிடுங்கள். தலைக்கு மேலே கிளை தொங்கக் கூடாது. தீ முழங்கால் உயரத்துக்கு மேல் போக வேண்டாம். மணிக்கட்டுப் பருமன் விறகாக இருந்தால் கடைசிவரை எரிந்து சாம்பலாகும், தொடைப் பருமன் கட்டை பாதியில் நின்று வம்பு பண்ணும். ஆற்றுக் கூழாங்கல்லை அடுப்புக்கு வைக்காதீர்கள். உள்ளே ஊறின தண்ணீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். பச்சை மூங்கிலும் கணுவுக்குக் கணு வெடிக்கும். அரளிக் குச்சியை விறகாகவும் போடாதீர்கள், கறி குத்திச் சுடவும் எடுக்காதீர்கள். அதன் புகையே விஷம். பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, ஆஸ்பத்திரியில் சொல்வார்கள்.

இனி அணைப்பது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போதே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். ஓரத்தில் கிடக்கிற கொள்ளிகளை நடுவில் தள்ளி எரியவிடுங்கள். ரெண்டு முழ அகலத்துக்குள் போட்ட தீக்கு 3 குடம், அதாவது ஏறக்குறைய 40 லிட்டர் தண்ணீர் பக்கத்தில் இருக்க வேண்டும். தீப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே இதை நிரப்பி வைத்துவிடுங்கள், அப்புறம் போய் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தால் யாரும் போவதில்லை.

குடத்தைத் தூக்கி ஒரே ஊற்றாக ஊற்றாதீர்கள். சூடான ஆவியும் சாம்பலும் முகத்துக்கு நேராகக் கிளம்பும். தண்ணீரும் நடுவில் ஒரு வழி பண்ணிக்கொண்டு இறங்கிவிடும், ஓரத்துத் தணல் நனையாது. தண்ணீர் சூட்டை எடுப்பது பெரும்பாலும் ஆவியாகும்போதுதான்; அடியில் ஓடிப் போன தண்ணீரால் பிரயோசனம் கம்மி. காற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, போசியில் மொண்டு கையால் தெளியுங்கள், ஓரத்திலிருந்து நடுவுக்கு. சுர்ர் என்கிற சத்தம் அடங்கும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்துபோகிறார்கள். மேலே இருக்கிற சாம்பல் நனைந்து ஒரு ஏடு கட்டிவிடும். அந்த ஏட்டுக்குக் கீழே சாம்பல் மாவு மாதிரி காய்ந்தே கிடக்கும், அதற்குள்ளே தணலும் இருக்கும். அதனால் மம்முட்டியோ ஒரு பச்சைக் குச்சியோ எடுத்து, அடிமண் வரைக்கும் புரட்டிப் புரட்டிப் போட்டு மறுபடி தெளியுங்கள். புரட்டும்போது திரும்பவும் சுர் என்று கேட்கும், கேட்க வேண்டும். எல்லாம் கலந்து கம்மங்கூழ் பதத்துக்கு வந்தால் சரி. மாவாக எங்கேயாவது பறந்தால் அங்கே வேலை பாக்கி இருக்கிறது.

பாதி எரிந்த கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பிடித்து, கரியைச் சுரண்டிவிடுங்கள். அடுப்புக் கல்லைப் புரட்டி அதற்கு அடியிலும் தெளியுங்கள். தணல் ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. கல் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது நேராக ஊற்றினால் சில்லு தெறிக்கும், கொஞ்சம் ஆறவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் கை. புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு சாண் மேலே பிடியுங்கள். சூடு இல்லையென்றால் நாலு விரல் மேலே. அங்கேயும் இல்லையென்றால் தொடுங்கள். நடுவில் மட்டும் தொட்டால் போதாது. நாலு ஓரம், கல் இருந்த இடம், எல்லாம். கால் மணி நேரம் கழித்துத் திரும்ப வந்து ஒருமுறை. முதல் தடவை குளிர்ந்திருந்த இடம் இரண்டாவது தடவை வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் எங்கேயோ கங்கு இருக்கிறது என்று அர்த்தம்.

தண்ணீரே இல்லாத இடத்தில்? மண்ணை வைத்தும் அணைக்கலாம், ஆனால் மூடி அல்ல, கலந்து. சருகும் வேரும் இல்லாத வெறும் மண்ணை ஒரு பங்கு தணலுக்கு மூன்று நாலு பங்காகப் போட்டு, பரப்பி, கிளறி, ஆறவிட்டு, திரும்பக் கிளற வேண்டும். அரை மணி நேர வேலை. மணலில் புதைத்துவிட்டுப் போவதுதான் படுமோசம். மேலே பார்த்தால் வெறும் மணல் மேடு. அடுத்த நாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவருகிற குழந்தைக்கு என்ன தெரியும்?

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பில் தங்குகிறவர்கள் இன்னொன்று கவனிக்க வேண்டும். மரத்தடியில் நார்க்கழிவு போட்டிருப்பார்கள். கயிற்று மில்லிலிருந்து வருகிற அந்தத் தூள் பார்ப்பதற்கு மண் மாதிரிதான் இருக்கும். மண் அல்ல, எரிபொருள். அதன் மேல் தீ போட்டால் சுவாலையே இல்லாமல் உள்ளுக்குள்ளே புகைந்துகொண்டு நாள்கணக்கில் போகும். பத்தடி தள்ளி வேறொரு இடத்தில் வெளியே வரும். மேலே ஊற்றுகிற தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்துவிடும். மம்முட்டியால் வெட்டிப் பிரித்துப் பிரித்துத்தான் நனைக்க வேண்டும். மரத்து வேர் மேல் போட்ட தீயும் இப்படித்தான் வேர் வழியாக ஊர்ந்து போகும்.

குலதெய்வம் கோயில் அடுப்பு தனி வகை. 200 பேருக்குச் சமைக்க நீளமாகக் குழி வெட்டி, பெரிய கட்டைகளை உருட்டிவிட்டிருப்பார்கள். அதை அணைக்க 3 குடம் எந்த மூலைக்கு? சமையல்காரரிடம் அரிசி பருப்புக்குக் கணக்குக் கேட்கும்போதே, அடுப்பை அணைக்க ஒரு டிரம் தண்ணீர் தனியாக என்று சொல்லி வையுங்கள். பாத்திரம் கழுவின தண்ணீரே இதற்குப் போதும், நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம். பழைய வேம்பு, புளியமரத்துப் பொந்துக்குப் பக்கத்தில் அடுப்பு வேண்டாம். பொந்துக்குள் ஒரு பொறி போனால் மரமே புகைபோக்கியாகி உள்ளிருந்து எரியும், வெளியே இருந்து அணைக்க வழி கிடையாது. சூடான சாம்பலை அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டுவதும், அந்தக் குப்பைமேட்டுக்குப் பக்கத்திலேயே யாரோ சோளத்தட்டுப் போர் போட்டு வைத்திருப்பதும் நம் ஊரில் சகஜம். காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டை, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தை ஒட்டி இருந்தால், காய்ந்த கொழுக்கட்டைப்புல்லில் அது எவ்வளவு வேகமாகப் போகும் என்று அங்கே ஆடு மாடு வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆறின சாம்பலை ஒரே இடத்தில் குவிக்காமல் மெல்லிசாகத் தூவிவிடுங்கள். வாழைக்கும் தென்னைக்கும் நல்லது. ஓடையில் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் எரிந்த சாம்பல் எதற்கும் ஆகாது. அதனால் தீயில் குப்பையைப் போடாதீர்கள். சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம் அலுமினியப் பூச்சு, அது எரியாமல் சுருண்டு மண்ணோடு கிடக்கும். வாழை இலையை மாட்டுக்குப் போடலாம், ஆனால் அதற்குள் தண்ணீர் பாக்கெட்டையும் ஊறுகாய் உறையையும் சுருட்டி வைத்துக் கொடுத்தால் மாட்டின் வயிற்றுக்குள் போகும். மிச்சச் சோற்றைக் குழி தோண்டிப் புதைத்தால் காட்டுப்பன்றி அன்றைக்கு ராத்திரியே தோண்டிவிடும், அப்புறம் அந்த இடத்தை மறக்காது. கட்டித் திரும்ப எடுத்துப் போவதுதான் வழி. பாட்டிலை உடைக்காதீர்கள். யானையின் பாதம் பார்க்கத்தான் முரடு. கண்ணாடிச் சில்லு ஏறினால் புண் சீழ் பிடித்து நடக்க முடியாமல் போகும். மது பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசைத் தருகிற ஏற்பாடு 2022-ல் நீலகிரியில் தொடங்கியதே இந்தச் சில்லுத் தொல்லையால்தான்.

இவ்வளவும் பார்த்தும் தீ கைமீறினால், முதல் ஒன்றிரண்டு நிமிஷம்தான் உங்கள் கையில். நனைந்த சாக்கையோ இலையோடு ஒடித்த பச்சைக் கிளையையோ தீயின் ஓரத்தில் அழுத்தி அழுத்தி எடுங்கள். ஓங்கி ஓங்கி அடித்தால் பொறி பறந்து அடுத்த புல்லில் விழும். சுவாலை இடுப்பு உயரத்தைத் தாண்டினால் விட்டுவிட்டு வெளியேறுங்கள். சரிவில் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில், உழுத காட்டுக்கோ பாறைக்கோ ஏற்கனவே எரிந்து முடிந்த கரிந்த இடத்துக்கோ போங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் முதலில் அனுப்பிவிட்டு 101-க்கோ 112-க்கோ பேசுங்கள். பேசும்போது ‘தோட்டத்தில் தீ’ என்றால் எந்தத் தோட்டம் என்று அவர்களுக்குத் தெரியாது. ஊர் பேர், பக்கத்துக் கோயில் அல்லது பஸ் ஸ்டாப், எந்தத் திசையில் காற்று, வண்டி கடைசிவரை வருமா, பக்கத்தில் கிணறு மோட்டார் உண்டா, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். மெயின் ரோட்டில் வழிகாட்ட ஒரு ஆளை நிறுத்துங்கள்.

வணக்கமுங்க.